ஆறடி முகம்: பெரிய அளவு அச்சில் சுயஉருவப்படம்

ரெம்பிராண்ட் 1630-இல் எட்சிங்கில் (உலோகத்தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) போட்ட, கண்ணை அகல விரித்து முழிக்கும் அந்தச் சுயஉருவப்படம் சுமார் ஐந்து சென்டிமீட்டர் உயரம்தான். கையில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. 1967-இல் ராபர்ட் ரௌஷன்பெர்க் லாஸ் ஏஞ்சலஸின் ஜெமினி அச்சுக்கூடத்தில் உருவாக்கிய 'பூஸ்டர்' என்ற கல்லச்சு (கல்லின் மேல் வரைந்து எடுக்கும் அச்சு) ஏறத்தாழ 183 செ.மீ. அதில் முகம்கூடக் கிடையாது, அவருடைய எலும்புக்கூடுதான். முழு உடலும் ஒரே எக்ஸ்ரேயில் அடங்காததால் துண்டு துண்டாக எடுத்து அடுக்கினார். ஒரே கல்லில் அடங்காததால் இரண்டு கற்களில் அச்சிட்டார்கள். இரண்டு படமும் சுயஉருவம், இரண்டும் அச்சு. ஆனால் முதலாவதை முப்பத்தைந்து மடங்கு பெருக்கினாலும் இரண்டாவது வராது.

பெரிய அச்சு (பலகையைச் செதுக்கி, மேட்டில் மட்டும் மை பூசி, தாளை அழுத்தி எடுப்பது) செய்ய ஆசைப்படுகிறவர்களில் பலர் முதலில் ஒரு நல்ல புகைப்படத்தை எடுத்து, ப்ரொஜெக்டரில் பலகை மேல் அடித்து, கோட்டைப் பின்பற்றிச் செதுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அத்தனை உழைப்புக்கும் கடைசியில் கிடைப்பது பெரிய சைஸ் புகைப்படம். முகம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும்போது கணக்கே மாறிவிடும். சின்ன அளவில் கண்ணும் வாயும் சாயலைத் தூக்கிச் சுமக்கும். பெரிய அளவிலோ நெற்றி, கன்னம், தாடை என்ற வெறும் பரப்புகளே படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அந்தப் பரப்பில் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் உளியைத் தொடக் கூடாது என்பது என் கட்சி. எந்த முறையில் அச்சிடுகிறோமோ, அந்த முறை விட்டுச்செல்லும் தடம்தான் அங்கே தோலாகப் போகிறது. மரத்தின் ரேகையா, உளியின் வெட்டா, கரித்தூளா, நூலா என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும்.

ஒரு திட்டமான அளவை எடுத்துக்கொள்வோம்: 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். இதை முழுதாகப் பார்க்க மூன்று மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். சாதாரணப் பார்வை உள்ளவருக்கு அந்தத் தூரத்தில் சுமார் 0.9 மி.மீ.க்கும் குறைந்த இடைவெளி பிரிந்து தெரியாது. அதாவது, ஒரு மி.மீ.க்குள் நுணுக்கி நுணுக்கி இழைத்த கோடெல்லாம் மூன்று மீட்டரில் சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். கோட்டுக்குக் கோடு 3 முதல் 6 மி.மீ. விட்டால் தூரத்தில் நிறமாகவும், இரண்டடி நெருங்கினால் கோடாகவும் நிற்கும். இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

இடவலம் அடுத்த சிக்கல். கண்ணாடியைப் பார்த்து நேரே பலகையில் வரைந்தால், அச்சில் திரும்பி, ஊரார் பார்க்கும் முகம் வரும். வகிடு தப்பான பக்கம் இருப்பதுபோல் வரைந்தவருக்கே அந்நியமாகத் தெரியும், அது பிழையில்லை. புகைப்படத்தை அப்படியே பலகைக்கு மாற்றினால் அச்சில் கண்ணாடி முகம் வரும். ஊரார் முகம்தான் வேண்டுமென்றால் படத்தைத் திருப்பிப் போட்டு மாற்ற வேண்டும். முகத்தையே தாளில் ஒற்றி எடுத்தாலும் கண்ணாடி முகம்தான். இரண்டு முறைகளையும் ஒரே படத்தில் கலக்கிறவர்கள் இதைத் தொடக்கத்திலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரே மரு இரண்டு கன்னத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும்.

பலகை

6 மி.மீ. ப்ளைவுட் அல்லது எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை). எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றில் 60 × 90 செ.மீ. துண்டுகள் நான்கு கிடைக்கும், சோதனைக்கும் ஒரு கீற்று மிஞ்சும். அந்தக் கீற்றை எறிந்துவிடாதீர்கள். உளி, மை, தாள் மூன்றையும் அதில்தான் பழக வேண்டும். ப்ளைவுட்டின் ரேகை மையில் தெரியும், செதுக்கும்போது ரேகைக்குக் குறுக்கே சிலும்பும். எம்.டி.எஃப்.பில் ரேகை கிடையாது, எந்தப் பக்கமும் ஒரே மாதிரி வெட்டும், ஆனால் விளிம்பு நொறுங்கும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. என்-95 முகமூடி இல்லாமல் ராவவோ ரூட்டர் ஓட்டவோ வேண்டாம்.

240 எண் உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி கரைத்த ஷெல்லாக்கை (அரக்கு வார்னிஷ்) ஒரு பூச்சு விட வேண்டும். பூசாத பலகை முதல் நான்கைந்து அச்சுக்கு மையைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஷெல்லாக் காய்ந்ததும் மெல்லிய சிவப்பு அல்லது நீல மையை மேலே துடைத்துவிட்டால், வெட்டிய இடம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். செதுக்கும்போதே அச்சு எப்படி வரும் என்று ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்.

படத்தை மாற்ற, 12 × 18 செ.மீ. மூலத்தில் ஒரு செ.மீ. கட்டங்கள், பலகையில் பத்து செ.மீ. கட்டங்கள்: மொத்தம் 216. ப்ரொஜெக்டரைவிட இது மெதுவானது, ஆனாலும் நான் கட்டத்தையே சொல்வேன். ப்ரொஜெக்டரின் கண்ணாடி பலகைக்குச் செங்குத்தாக இல்லையென்றால் தாடை குறுகும் அல்லது நெற்றி விரியும், இருட்டில் அது தெரியாது. கட்டம் போடும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அந்த வெறும் கன்னத்துக்கு வழி அங்கேதான் பிறக்கிறது.

கோடுகளுக்கு 'வி' உளி, பரப்பை எடுக்க 8 முதல் 12 மி.மீ. 'யு' உளி. வெள்ளையாக விட வேண்டிய பெரிய பரப்பு 3 மி.மீ. ஆழமாவது போக வேண்டும். கையால் தேய்க்கும்போது தாள் பள்ளத்துக்குள் தொங்கி, அடியில் ஒட்டிய மையை இழுத்துக்கொள்ளும். ஆழம் போகாத இடத்தில் ரோலரும் இறங்கிப் பள்ளத்தின் முகடுகளில் மை பூசும். இந்த உளித்தடம் சிலருக்குப் பிடிக்கும். முகத்தைச் சுற்றி ஒரு சலசலப்பு கிடைக்கும். வேண்டுமென்று விடுவது வேறு, துடைக்க மறந்து வருவது வேறு. பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

நிறம் வேண்டுமென்றால் எட்வர்ட் முங்க் கையாண்ட வழி இன்றைக்கும் சுலபமானது: பலகையை இழை ரம்பத்தால் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் பூசி, மறுபடி சேர்த்து ஒரே தடவையில் அச்சிடுவது. ரம்பத்தின் வாய் அகலம் அச்சில் வெள்ளைக் கோடாக வரும். ஆகவே எங்கே அறுக்கிறோம் என்பதே முகத்தின் வெளிக்கோட்டை வரைவதுதான்.

மையும் அழுத்தமும்

2.16 சதுர மீட்டரில் அறுபது சதவீதம் கறுப்பு என்று வையுங்கள். மைப்படலம் 15 மைக்ரான் கனம் என்றால் தாளில் போய்ச் சேர்வது சுமார் 20 மில்லி. ஆனால் ரோலரும், மை தேய்க்கும் கண்ணாடியும், புதுப் பலகையும் அதைவிடப் பல மடங்கு வைத்துக்கொள்ளும். முதல் அச்சுக்கு 150 கிராம் எடுத்து வைத்தால் நடுவில் தட்டுப்பாடு வராது. 8 செ.மீ. ரோலரால் பெரிய கறுப்பை நிரப்பினால் பட்டை பட்டையாக ஓரக்கோடு விழும், 20 செ.மீ.க்குக் குறையாத ரோலர் வேண்டும், நெடுக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. நான்கு பலகைக்கும் மை பூச முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் தண்ணீர் சார்ந்த மை முதல் பலகையில் காய்ந்துவிடும். எண்ணெய் மைதான் இதற்குச் சரி. மை கட்டியாக இருந்தால் ஆளி எண்ணெய் சில துளி, தளர்ந்து கோட்டுக்குள் வழிந்தால் மெக்னீசியம் கார்பனேட் கொஞ்சம். ரோலர் ஓடும்போது 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம் வர வேண்டும். சத்தம் சப்பு சப்பென்று வந்தால் மை அதிகம், நுண்கோடெல்லாம் அடைபட்டுவிடும்.

பிரஸ் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவர் முழுப் பாதத்தில் நின்றால், 150 சதுர செ.மீ.க்குப் பரவி, சதுர செ.மீ.க்கு 0.4 கிலோதான். குதிகாலில் மட்டும் நின்றால் இரண்டரை கிலோவை நெருங்கும். மரக்கரண்டியின் முதுகால் ஐந்து கிலோ அழுத்தம் கொடுத்தால், தொடும் இடம் ஒரு சதுர செ.மீ. என்பதால், முழு ஐந்து கிலோவும் அங்கேயே இறங்கும். ஆளைவிடக் கரண்டிதான் பலசாலி. அதனால் நடைமுறை இது: தாளின் மேல் கம்பளித்துணி போட்டு, சாக்ஸ் காலோடு குதிகாலால் நடந்து தாளைப் பலகையில் ஒட்டவைத்துவிட்டு, துணியை எடுத்து, கரண்டியால் பகுதி பகுதியாகத் தேய்ப்பது. கரண்டிக்கும் தாளுக்கும் நடுவே வழவழப்பான பேக்கிங் தாள் ஒன்று இருந்தால் மேல்பரப்பு சிராய்க்காது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தில் இன்னும் மை பூசி, மறுபடி தேய்க்கலாம். பிரஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது. கண்ணுக்குக் கீழே அழுத்தித் தேய்த்து, காதுப்பக்கம் விட்டுவிட்டால் முகத்துக்குக் கிடைக்கும் ஆழம் செதுக்கலில் வராது. இதற்காகவே சுயஉருவத்துக்குக் கை அச்சைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

ரோடு ரோலர் ஏற்றி அச்சிடுவது விழாக்களில் பிரபலம். பார்க்க நன்றாக இருக்கும். உருளை தனக்கு முன்னால் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டே போகும், தாள் அதில் சுருங்கிக் கிழியும், அதனால் பெரும்பாலும் பருத்தித் துணியில்தான் அச்சிடுகிறார்கள். அதிர்வை அணைத்துவிட வேண்டும், பலகை மேல் நிற்கவோ திரும்பவோ கூடாது. மேலே ஃபெல்ட், அதன் மேல் பழைய கம்பளம், அதன் மேல் ஒரு ப்ளைவுட். கோடு தடித்த படத்துக்குச் சரி. முகத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தாளும் ஒட்டும்

கை அச்சுக்கு 35 முதல் 45 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கோசோ தாள், அதாவது ஜப்பானிய மல்பெரி நார்த்தாள். மெல்லியது, ஆனால் நார் நீளம் என்பதால் கிழியாது. சுருளாக, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் வரும். கனத்த பருத்தித் தாளை நனைத்து பிரஸ்ஸில் விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நனைந்த தாள் விரியும், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அதிகம் விரியும். ஒரு சதவீதம் விரிந்தாலே மீட்டருக்கு ஒரு செ.மீ. நான்கு தாள்களில் ஒன்றை மட்டும் திருப்பி வெட்டியிருந்தால், காய்ந்த பிறகு அந்தக் கால்பகுதி முகம் மற்றதோடு சேராது. எதைச் செய்தாலும் சேராது. வெட்டும் முன்பே எல்லாத் தாளின் பின்னாலும் பென்சிலில் நார்த்திசைக்கு அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

தாளைப் போடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். 75 மி.மீ. பி.வி.சி. குழாயில் சுற்றி, கீழ் விளிம்பைப் பலகையோரம் அடித்த இரண்டு கட்டைகளில் முட்டவைத்து, குழாயை உருட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் குழாயைப் பிடிக்க, மற்றவர் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தடவிவிடுவார். விழுந்த தாளை நகர்த்தக் கூடாது. மை இரட்டையாகிவிடும்.

துண்டுகள் சேரும் ஒட்டு எங்கே வருகிறது என்பதை அமைப்பிலேயே முடிவுசெய்ய வேண்டும். நான்கு பலகையைச் சமமாகப் பிரித்தால் நிமிர்ந்த ஒட்டு மூக்குத்தண்டு, உதட்டின் நடு, தாடை என்று இறங்கும். ஒரு மி.மீ. விலகினாலும் உதடு கோணலாகத் தெரியும். மனிதக் கண் கன்னத்தில் ஐந்து மி.மீ. பிசகை மன்னிக்கும், கருவிழியில் ஒரு மி.மீ.யை மன்னிக்காது. தலையைச் சற்றே ஒரு பக்கம் தள்ளி வைத்து வரைந்தால் நிமிர்ந்த ஒட்டு கன்னத்தில் போய் விழும், கிடைமட்ட ஒட்டை மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் நடுவே விடலாம். அல்லது ஒட்டை மறைக்காமல், துண்டுக்குத் துண்டு ஐந்து மி.மீ. வெள்ளை இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். அரைகுறையாக மறைத்த ஒட்டுதான் மோசம். கியூபாவின் பெல்கிஸ் அயோன் (1967–1999) பல தாள்களை இணைத்த தன் பெரிய கொலாகிராஃப்களில் (அட்டையில் பொருள்களை ஒட்டி, மை பூசி எடுக்கும் அச்சு) தாளின் விளிம்பை ஒளிக்கவே இல்லை. வாயில்லாமல், கண் மட்டும் வைத்து அவர் திரும்பத் திரும்பப் போட்ட, கியூபாவின் அபக்குவா புராணத்து இளவரசி சிகானின் உருவத்தில் அவர் சாயலே இருக்கிறது.

அவர் கையாண்ட கொலாகிராஃப் அட்டையில் செய்யக்கூடியது. பொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் அட்டையையே பிளேட்டாக்கி அவ்வளவு கறுப்பைக் கொண்டுவந்தார். 2 மி.மீ. அட்டையில் தோலுக்கு ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு), முடிக்கு நூல், வெல்வெட் கறுப்புக்குப் பசையில் கலந்த கார்போரண்டம் தூள் (சாணைக்கல்லில் வரும் கரடுமுரடான தூள்). இரண்டு பக்கமும் ஷெல்லாக் இரண்டு பூச்சு. விளிம்பை விட்டுவிட்டால் முதல் நனைந்த தாளிலேயே அட்டை ஊறி உப்பிவிடும். மேடு இரண்டு மி.மீ.யைத் தாண்டினால் தாளைக் குத்தும். 60 × 90 பிளேட் ஒன்றில் மை தேய்த்துத் துடைக்க நிறைய நேரம் பிடிக்கும் என்பதால் நிழல் பகுதியில் தொடங்கி வெளிச்சப் பகுதியில் முடிப்பது நல்லது. கடைசியில் துடைத்த இடம்தான் சுத்தமாக இருக்கும்.

உடலை ஒற்றுவது

1962-இல் ஜாஸ்பர் ஜான்ஸ் முகத்திலும் கையிலும் எண்ணெய் தடவி, தாளில் ஒற்றி, மேலே கரி தேய்த்துப் படம் எடுத்தார். பின்னர் அதே செயலைக் கல்லச்சுக்குக் கொண்டுபோனார். கல்லச்சின் அடிப்படையே கல்லில் பட்ட கொழுப்பானது மையைப் பிடிப்பதுதான் என்பதால், உடம்பே அங்கே க்ரேயான் ஆகிவிடுகிறது. அறுபதுகளின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் டேவிட் ஹேமன்ஸ் மார்ஜரின் தடவிக்கொண்டு தாளில் படிந்து, மேலே நிறத்தூள் தூவி, ஆள் உயரப் படங்களை எடுத்தார்.

செய்முறை எளிது, சொதப்பும் இடங்கள் தெரிந்தால். முகம் முழுக்க 2 முதல் 3 மில்லி எண்ணெய் போதும். தடவிய பிறகு டிஷ்யூ தாளால் ஒரு முறை ஒற்றி எடுத்துவிட வேண்டும். எண்ணெய் அதிகமானால் தோல் துளையெல்லாம் மூடி வெறும் திட்டாக வரும், சில மாதத்தில் திட்டைச் சுற்றி மஞ்சள் வளையமும் படரும். அச்சு மையை முகத்தில் தடவவே கூடாது; அதைக் கழுவக் கரைப்பான் வேண்டும், கரைப்பான் கண்ணுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. தூளுக்குக் கரி, இரும்பு ஆக்சைடு, சுண்ணம் போதும். காட்மியம், ஈயம் கலந்த நிறமிகளைத் தூளாகத் தொடாதீர்கள். முகமூடி போட்டு, மென்மையான தூரிகையால் தூவி, தாளைச் செங்குத்தாகத் தட்டினால் ஒட்டாத தூள் விழுந்துவிடும். பிறகு ஃபிக்ஸட்டிவ் (தூளை ஒட்டவைக்கும் தெளிப்பு) இரண்டு மெல்லிய பூச்சு. ஒரே கனத்த பூச்சு தூளை நனைத்துக் கறையாக்கும்.

தட்டையான மேசையில் முகத்தை வைத்தால் நெற்றி, மூக்கு நுனி, கன்ன எலும்பு, தாடை மட்டும் படும். தாளுக்கு அடியில் இரண்டு செ.மீ. ஃபோம் போட்டு, ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தலையை உருட்ட வேண்டும். அப்போது முகம் நேராகப் பார்க்கும் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிந்து வரும். காதுகள் தனித் தீவுகளாக ஒதுங்கும். கிகி ஸ்மித் 1995-இல் 'மை ப்ளூ லேக்' அச்சுக்காகப் பொருளைச் சுற்றிலும் எடுக்கும் ஒரு விசேஷ கேமராவில் தன் உடலைப் பதிந்தபோது கிடைத்ததும் இப்படி உரித்து விரித்த தோல்தான்.

இந்த முறையில் கண் பதியாது. இமை மூடித்தான் ஒற்ற முடியும், பள்ளமான இடத்தில் தாளும் படாது. சுயஉருவத்தில் நாம் வழக்கமாகத் தேடும் பார்வை இங்கே இல்லவே இல்லை. பார்வை வேண்டுமென்றால் வரைந்து செதுக்க வேண்டும். தொடுகை வேண்டுமென்றால் ஒற்ற வேண்டும். இரண்டையும் வைத்துப் பார்ப்பதில்தான் எனக்கு ஈடுபாடு: தோலை ஒற்றிலிருந்து எடுப்பது, கண்ணையும் வாயையும் மரத்தில் செதுக்குவது.

அதற்கு ஒற்றிய தாளை 1200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) ஸ்கேன் செய்து, ஆறு மடங்கு பெருக்கினால் 200 டி.பி.ஐ. மிஞ்சும், ஸ்க்ரீன் அச்சின் ஃபிலிமுக்குப் போதும். கால் மி.மீ. சுருக்கம் ஒன்றரை மி.மீ. ஆகி, மூன்று மீட்டரிலும் தெரியும் எல்லைக்குள் வந்துவிடும். கரித்தூளின் துகளே புள்ளியாக இருப்பதால் ஹாஃப்டோன் (சாம்பலைப் புள்ளிகளாக உடைப்பது) தேவையில்லை. சாம்பல் எதுவும் மிச்சம் வைக்காமல் நேரே கறுப்பு–வெள்ளையாக மாற்றினால் போதும். இதை ஸ்க்ரீனில் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியாக மையைத் தள்ளும் முறை), செ.மீ.க்கு 77 முதல் 90 இழை உள்ள மெஷ்ஷில், தண்ணீர் சார்ந்த மங்கலான மையில் முதலில் அச்சிட வேண்டும். மரச்செதுக்கின் எண்ணெய் மை அதன் மேல் பிடிக்கும். வரிசையை மாற்றினால் தண்ணீர் மை எண்ணெய் மேல் முத்து முத்தாக உருளும். ஸ்க்ரீன் படலம் கனத்தாலும் தொல்லை: தாள் உறிஞ்சாமல், மேல் கறுப்பு வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். கறுப்பில் ட்ரையர் (காய வைக்கும் சேர்மானம்) ஒன்று, இரண்டு சதவீதம் கலந்துகொள்ளலாம், அதற்கு மேல் போனால் ரோலரிலேயே இறுகும்.

ப்ரூஃப் (சோதனை அச்சு) எடுப்பதிலும் நிதானம் வேண்டும். சக் க்ளோஸ் 1972-இல் க்ரௌன் பாயிண்ட் பிரஸ்ஸில் செய்த மெஸோடின்ட்டில் (தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சப் பகுதியை வழவழப்பாக்கும் அச்சு; கீத் என்ற நண்பரின் முகம், ஒரு மீட்டருக்கு மேல் உயரம்) வாய்ப்பகுதியில் தொடங்கி அடிக்கடி ப்ரூஃப் எடுத்ததால் அந்த இடம் தேய்ந்து வெளிறிவிட்டது. வேலை செய்த கட்டங்களும் தெரிந்தன. அவர் அதை மறைக்காமல் விட்டார். கட்டம் பிறகு அவர் படங்களின் அடையாளமாகவே ஆனது. மரப்பலகை அவ்வளவு சீக்கிரம் தேயாது. டிரைபாயிண்ட் (தகட்டை ஊசியால் நேரே கீறும் முறை) என்றால் ஊசி கிளப்பிய பிசிறு சில பத்து அச்சிலேயே மழுங்கும், ஆகவே கண்ணைக் கடைசியில் கீறுங்கள்.

கையால் தேய்த்த ஆறடி அச்சுகள் இரண்டு ஒரே மாதிரி வராது. எடிஷன் (ஒரே படத்தின் எண்ணிட்ட பிரதிகள்) என்று எண் போடுவதானால் மாறுபடும் எடிஷன் என்பதற்குரிய 'ஈ.வி.' குறியைச் சேர்த்துப் போடுவதுதான் நேர்மை. மை காய இரண்டு மூன்று வாரம் கொடுத்த பிறகே, அமிலமற்ற தாள் இடையில் வைத்து, குறைந்தது 15 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சுற்ற வேண்டும். 40 ஜி.எஸ்.எம். தாள் என்றால் மொத்தப் படமும் மையோடு 120 கிராம்கூட வராது. சுவரில் மாட்டும்போது மின்விசிறிக் காற்றுக்கே முகம் உப்பி அமுங்கும். மேலும் கீழும் மெல்லிய மரப்பட்டையும் காந்தமும் வைத்துப் பிடியுங்கள், ஆணி அடிக்காதீர்கள்.